விற்பவர் இல்லாத பங்குக்கு விலை ஏது?

டிசம்பர் 31இல் முடியும் காலாண்டின் கணக்குகளைப் பட்டியலிடப்பட்ட கம்பனிகளில் பெரும்பாலானவை 45 நாளுக்குள் வெளியிட வேண்டும். பெப்ரவரி நடுப்பகுதியில் கெடு முடிகிறது. கட்டுகஸ்தோட்டை, பேராதனை, கம்பளைப் பக்கமிருந்து வந்த கடிதங்களில் பெரும்பாலானவை கேட்பது ஒன்றைத்தான்: நட்டத்தில் தள்ளாடும் கம்பனியின் பங்கு தினமும் ஏறுகிறதே, கணக்கு வருமுன் வாங்கிவிடலாமா? நிலையான வைப்புக்கு 20 வீதத்துக்கு மேல் வட்டி கிடைத்த காலம் போய்விட்டது. கொழும்புப் பங்குச் சந்தையின் சுட்டெண் 2025இல் முதன்முறையாக 20,000ஐத் தாண்டியது. கண்டியின் சேமிப்பு தரகர்களை நாடுவதில் வியப்பில்லை. ஆனால் பலர் தம் நம்பிக்கைக்கு ஆதாரமாகக் காட்டுவது மும்பைச் சந்தையின் ஆர்.ஆர்.பி. செமிகண்டக்டரை. அது ஆதாரம் அல்ல, எச்சரிக்கை.

2025 டிசம்பர் நடுப்பகுதி வரையான 20 மாதங்களில் அந்தப் பங்கு 55,000 வீதத்துக்கு மேல் ஏறியது. 20 ரூபாய் அளவில் இருந்தது 11,000 இந்திய ரூபாயைத் தொட்டது. தொடர்ந்து 149 வர்த்தக நாட்கள் அன்றன்றைய உச்ச வரம்பில் போய் நின்றது. பெயரில்தான் செமிகண்டக்டர். சிப் உற்பத்தி எதையும் தான் இன்னும் தொடங்கவில்லை என்று கம்பனியே அறிவித்தது. சச்சின் டெண்டுல்கர் பங்குதாரர் என்ற பேச்சையும் அதுவே மறுத்தது. முழுநேர ஊழியர் இருவர். உற்பத்தியே இல்லாத கம்பனியின் விலை இப்படி ஏறியது எப்படி என்றால், பங்குகளில் ஏறக்குறைய 98 வீதம் நிறுவனரையும் அவரைச் சார்ந்த சிறு வட்டத்தையும் விட்டு வெளியே வரவில்லை. சந்தையில் புழங்கியது மிச்சமிருந்த துளி மட்டுமே.

இங்கேதான் தினசரி வரம்பு என்ற ஏற்பாட்டைக் கூர்ந்து பார்க்க வேண்டும். ஒரு பங்கு ஒரு நாளில் 5 வீதத்துக்கு மேல் ஏறக்கூடாது என்று வைப்போம். காலையில் தரகரின் திரையைத் திறந்தால் வாங்கும் பக்கத்தில் ஆயிரக்கணக்கான பங்குகளுக்குக் கேள்வி வரிசையாக நிற்கிறது. விற்கும் பக்கம் வெறுமை. யாரோ பத்துப் பங்கை விற்க, 100 ரூபாய் 105 ஆகிறது. அன்றைய வியாபாரம் அத்தோடு முடிந்தது. மறுநாள் 110.25. பதினைந்தே நாளில் விலை இரட்டிப்பு. அந்தப் பத்துப் பங்கின் விலையால் கம்பனியின் மொத்தப் பங்கையும் பெருக்கி, சந்தைப் பெறுமதி இத்தனை கோடி என்று அறிவிக்கிறார்கள். அந்தத் தொகையை எவரும் கொடுக்கவில்லை, எவரும் பெறவுமில்லை. வேகத்தைத் தடுக்க வைத்த வரம்பு, வாங்க முடியாதவரின் ஏக்கத்தை அடுத்த நாளுக்குச் சேமித்து வைக்கிறது. விலை திரும்பும்போது இதே கதவு மறுபக்கம் பூட்டிக்கொள்ளும். விற்கும் பக்கம் நிரம்பி வாங்கும் பக்கம் வெறுமையாகும். தினம் 5 வீதமாக 14 நாள் இறங்கினால் பணம் பாதிக்கும் கீழே. அந்த 14 நாளும் உங்களால் விற்க முடியாது. ‘உச்சத்தில் விற்றுவிட்டு வெளியேறுவேன்’ என்று எழுதும் வாசகர்கள், அன்று யாரிடம் விற்பார்கள் என்பதை எழுதுவதில்லை.

அதிகாரிகள் கண்காணிக்கிறார்களே என்பார்கள். மும்பையில் அந்தப் பங்கின் வியாபாரத்தை வாரத்துக்கு ஒரு நாளாகக் குறைத்தார்கள்; அதற்குள் ஏறவேண்டியது ஏறியிருந்தது. கொழும்பின் அனுபவமும் தெம்பு தருவதாக இல்லை. போர் முடிந்த 2009இல் நமது சுட்டெண் 125 வீதமும் 2010இல் 96 வீதமும் ஏறியது. விலை வரம்பும் கடன் கட்டுப்பாடும் வந்தபோது பெரிய முதலீட்டாளர்களும் தரகர்களும் எதிர்த்தார்கள். 2011 பெப்ரவரியில் 7,800ஐத் தாண்டிய சுட்டெண் 2012 நடுப்பகுதியில் 5,000க்குக் கீழே கிடந்தது. 2011 இறுதிக்கும் 2012 ஓகஸ்டுக்கும் இடையில் பிணையங்கள் மற்றும் பரிவர்த்தனை ஆணைக்குழுவின் தலைவர்கள் இந்திராணி சுகததாச, திலக் கருணாரத்ன இருவரும் அடுத்தடுத்துப் பதவி விலகினார்கள். பொதுமக்கள் கையில் இவ்வளவு பங்கு இருக்க வேண்டும் என்ற விதி பிறகு வந்தது. அதிலும் ஓர் ஓட்டை: பொதுமக்கள் வசமுள்ள பங்கின் சந்தைப் பெறுமதி கூடக் கூட, இருக்க வேண்டிய வீதம் குறைகிறது. விலை ஏறுவதே விதியைத் தளர்த்தும் என்றால், அந்த விதியைச் சிறு முதலீட்டாளருக்கான கவசம் என்று அழைக்க நான் தயாரில்லை.

வலுவான மறுப்பு ஒன்று உண்டு. 2015இல் அமெரிக்க சிப் கம்பனியான ஏ.எம்.டி.யின் பங்கு 2 டொலருக்கும் கீழே கிடந்தது. 2024 மார்ச்சில் 200 டொலரைத் தாண்டியது. இன்னொரு அமெரிக்க சிப் கம்பனியான இன்டெலின் பங்கு 2024 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஒரே நாளில் 26 வீதம் சரிந்தது. அடுத்த ஆண்டு அமெரிக்க அரசே பங்கொன்று 20.47 டொலர் விலையில் அதன் ஏறக்குறைய 10 வீதப் பங்கை வாங்கியது; விலையும் பிறகு மீண்டது. ஆகவே தள்ளாடும் சிப் கம்பனியில் துணிந்தவர் சம்பாதித்தது உண்மைதான். ஆனால் இன்டெலின் பங்குகள் 400 கோடிக்கும் மேல். அந்த மோசமான நாளிலும் விற்க வந்தவருக்கு வாங்க ஆள் இருந்தது. நட்டத்தோடாவது வெளியேற முடிந்தது. இந்த இரண்டையும் வாங்கியவர்கள் பந்தயம் கட்டியது கம்பனியின் மீட்சியில். ஆர்.ஆர்.பி.யை வாங்கியவர் பந்தயம் கட்டியது அடுத்து வருபவரின் அவசரத்தில்.

மற்றக் கேள்விகளுக்குச் சுருக்கமாக. பங்குகளை வைத்திருக்கக் கொழும்பில் திறந்த சி.டி.எஸ். கணக்கால் மும்பைப் பங்கை வாங்க முடியாது. வாங்கித் தருகிறேன் என்று வட்சப்பில் பணம் கேட்பவருக்குச் சதமும் அனுப்பாதீர்கள். நகையை அடகு வைத்துப் பங்கு வாங்கலாமா என்றால், கூடாது.

கணக்குகள் வந்ததும் இலாபத் தொகையோடு நிறுத்தாமல் கடைசிப் பக்கங்களுக்குப் போங்கள். பொதுமக்கள் வசமுள்ள பங்கின் வீதம் அங்கே அச்சாகியிருக்கும். அதை முதலில் பாருங்கள். தரகருக்கு அதன்பின் அழைப்பு எடுக்கலாம்.