துருவும் தணலும்: தேமைற்றுத் தாக்கமும் மலையகப் புகையிரதப் பாதையும்

இரும்பு துருப்பிடிப்பது யாது என்பதை மலையகத்தில் வாழ்வோருக்கு எவரும் விளக்கவேண்டியதில்லை. அட்டனிலும் நுவரெலியாவிலும் ஆண்டின் பெரும்பகுதி மழையும் மூடுபனியுமே. லயக் காம்பராக்களின் தகரக் கூரை செந்நிறமாகிப் பொடிந்து உதிர்வதைப் பார்த்தே பல தலைமுறைகள் வளர்ந்துள்ளன. இரும்பு ஒட்சிசனோடு சேர்ந்து இரும்பொட்சைட்டாக மாறும் இந்நிகழ்ச்சி ஆண்டுக்கணக்கில் மெல்ல மெல்ல நடைபெறுவது. துருவிலிருந்து ஒட்சிசனைப் பறித்து, மீண்டும் இரும்பை, அதுவும் உருகிய இரும்பை, சில வினாடிகளிலே பெறமுடியும் எனின் அது வியப்புக்குரியதாகவே தோன்றும். தேமைற்றுத் தாக்கம் எனப்படுவது இதுவே. பாடநூல்கள் இதனை ஆய்வுகூட வேடிக்கையாக ஓரிரு வரிகளிற் கூறிச் செல்கின்றன. இதன் பிரதான பயன் தண்டவாளங்களைப் பற்றவைப்பதே என்பதையும், தேயிலைத் தோட்டங்களின் வாழ்வு தண்டவாளத்தோடு பிணைந்தது என்பதையும் மனங்கொண்டு, அத்தாக்கத்தை இங்கு சற்று விரிவாக நோக்குவோம்.

ஒட்சியேற்றம் என்பது தோட்டத் தொழிலாளிக்கு இரும்பிலும் தேயிலையிலேயே அதிகம் பழக்கமானது. வாட்டிய கொழுந்து உருளையில் நசுங்கும்போது இலையின் கலங்கள் உடைகின்றன. அவற்றுள் தனித்தனியே இருந்த கற்றெக்கின்களும் பொலிபீனோல் ஒட்சிடேசு என்ற நொதியமும் ஒன்றுசேர, காற்றின் ஒட்சிசன் அவற்றை மாற்றுகின்றது. பச்சை செம்புநிறமாகின்றது, தேயாபிளேவின், தேயாறுபிஜின் முதலிய பொருள்கள் தோன்றிச் சாயமும் சுவையும் உண்டாகின்றன. தொழிற்சாலை வழக்கிலே இதனை நொதித்தல் என்பர். நுண்ணங்கிகளுக்கு இதிற் பங்கில்லை ஆதலின் அப்பெயர் பொருத்தமற்றது. உலர்த்தியின் வெப்பம் நொதியத்தைச் செயலிழக்கச் செய்ததும் தாக்கம் நின்றுவிடும். துருவும் தேயிலையும் தமக்கு வேண்டிய ஒட்சிசனைக் காற்றிலிருந்து பெறுகின்றன. தேமைற்றுத் தாக்கமோ காற்றை நாடுவதில்லை. அதற்கு வேண்டிய ஒட்சிசன் இரும்பொட்சைட்டின் உள்ளேயே இருக்கின்றது. அத்தாக்கத்தின் இயல்புகள் யாவும் இந்த ஒரு வேறுபாட்டிலிருந்தே பிறக்கின்றன எனலாம்.

இரும்பைக் காட்டிலும் அலுமினியம் ஒட்சிசன்மேல் மிகுந்த நாட்டமுடையது. ஒரு மூல் அலுமினியம் ஒட்சைட்டு அதன் மூலகங்களிலிருந்து உருவாகும்போது ஏறத்தாழ 1,676 கிலோயூல் வெப்பம் வெளிப்படும். ஒரு மூல் இரும்பொட்சைட்டு உருவாகும்போது வெளிப்படுவது 824 கிலோயூல் மட்டுமே. ஆகவே இரும்பிடமிருந்து ஒட்சிசனை அலுமினியம் கைப்பற்றும்போது இவ்விரண்டுக்குமிடையேயுள்ள ஏறத்தாழ 852 கிலோயூல் வெப்பமாக வெளியேறுகின்றது. அலுமினியம் ஒட்சியேற்றப்படுகின்றது, இரும்பு தாழ்த்தப்படுகின்றது.

இங்கு ஒரு தவறான எண்ணத்தை நீக்குதல் வேண்டும். தேமைற்றிலிருந்து அளவிறந்த வெப்பம் கிடைக்கின்றது என்று பலரும் கருதுவர். கணக்கிட்டுப் பார்ப்பின், ஒரு கிலோகிராம் கலவை தருவது சுமார் 4,000 கிலோயூல். லயத்து அடுப்பில் எரியும் உலர்ந்த விறகு ஒரு கிலோகிராம் 15,000 கிலோயூலுக்கும் மேல் தரவல்லது. வேறுபாடு வெப்பத்தின் அளவிலன்று, அது வெளிப்படும் முறையிலேயே உள்ளது. விறகின் வெப்பத்திற் பெரும்பகுதியைப் புகையும் சூடேறிய காற்றும் கொண்டுசெல்ல, எஞ்சியதே பானையை அடைகின்றது. தேமைற்றின் விளைபொருள்களோ உலோகமும் கசடும். வாயு ஏறக்குறைய உண்டாவதில்லை. வெப்பம் முழுவதும் அவற்றினுள்ளேயே தங்கி, வெப்பநிலை 2,000 பாகை செல்சியசைக் கடந்து மேலேறுகின்றது. இரும்பு 1,538 பாகையிலும் அலுமினியம் ஒட்சைட்டு 2,072 பாகையிலும் உருகுவன. எனவே இரண்டும் திரவமாகின்றன. அடர்த்தி மிகுந்த இரும்பு அடியிலே தங்க, இலேசான கசடு மேலே மிதக்கின்றது. உலோகத்தைப் பிரித்தெடுக்கும் வேலையைப் புவியீர்ப்பே செய்து முடித்துவிடுகின்றது.

இவ்வளவு வலிமையான தாக்கம் அலுமினியச் சட்டியும் துருப்பிடித்த கத்தியும் அருகருகே கிடக்கும் நமது சமையலறைகளில் ஏன் நிகழ்வதில்லை என்ற வினா இயல்பாகவே எழும். அலுமினியத்தின் மேற்பரப்பை அதன் ஒட்சைட்டே மெல்லிய படலமாக மூடிக் காக்கின்றது. அத்தோடு, தாக்கம் தொடங்குவதற்கு வேண்டிய ஏவற்சக்தியும் மிக உயர்ந்தது. ஒருமுறை தொடங்கிவிட்டாலோ அதனை நிறுத்துவது அரிது. காற்றை மறைத்துப் பயனில்லை, ஏனெனில் அது காற்றால் எரிவதன்று. நீரை ஊற்றுவது பேராபத்து: நீர் கணத்தில் ஆவியாகி உருகிய உலோகத்தைச் சிதறடிக்கும்.

இத்தாக்கத்தின் வரலாறும் கவனத்துக்குரியது. அலுமினியம் பிற உலோகங்களை அவற்றின் ஒட்சைட்டுக்களிலிருந்து விடுவிக்கவல்லது என்பதை உருசிய இரசாயனவியலாளர் நிக்கொலாய் பெக்கெற்றோவ் 1865 அளவிலேயே காட்டியிருந்தார். எனினும் அக்காலத்தில் அலுமினியம் விலையுயர்ந்த உலோகமாக இருந்தமையால் அக்கண்டுபிடிப்பு ஏட்டளவில் நின்றது. மின்பகுப்பு மூலம் அலுமினியத்தைப் பெறும் முறையை 1886இல் அமெரிக்காவில் ஹோலும் பிரான்சில் ஹெரூலும் தனித்தனியே கண்டனர், விலை சரிந்தது. அதன் பின்னரே, 1895இல், ஜெர்மனியின் எசென் நகரத்து ஹான்ஸ் கோல்ட்சிமிற்று இம்முறைக்குக் காப்புரிமை கோரினார். அவர் முதலில் நாடியது காபன் கலவாத குரோமியத்தையும் மங்கனீசையுமே. 1899இல் எசென் நகரத் திராம் வண்டிப் பாதையில் தண்டவாளங்கள் இம்முறையாற் பற்றவைக்கப்பட்டன. தனிமனித மேதைமையின் திடீர் வெளிப்பாடாகவே விஞ்ஞான வரலாற்றை எழுதுவோர் பெக்கெற்றோவுக்கும் கோல்ட்சிமிற்றுக்கும் இடைப்பட்ட முப்பது ஆண்டுகளை எவ்வாறு விளக்குவர் என்பது நமக்குப் புலப்படவில்லை. உற்பத்திச் சக்திகள் வளர்ந்து அலுமினியம் மலிவடையும்வரை அறிவு காத்திருந்தது என்பதே உண்மை.

பற்றவைக்கும் முறை பின்வருமாறு. இரு தண்டவாள முனைகளுக்கிடையே சிறிய இடைவெளி விட்டு, அதனைச் சுற்றி மணல் அச்சு பொருத்தி, முனைகளை முன்கூட்டியே சூடாக்குவர். மேலே வைக்கப்பட்ட புடக்குகையில் தாக்கம் நிகழ்ந்ததும் உருகிய உருக்கு அச்சினுள் இறங்கி, இரு முனைகளையும் உருக்கித் தன்னோடு இணைத்துக்கொள்ளும். தண்டவாளத்தின் உருக்குக்கு ஒத்த உறுதி கிட்டும்வண்ணம் மங்கனீசு, காபன் முதலியன கலவையில் முன்னரே சேர்க்கப்பட்டிருக்கும். பிதுங்கிய பகுதியை வெட்டி, தலைப்பகுதியைத் தேய்த்து ஒப்பரவாக்குவர். மின்சாரமோ பெரும் பொறிகளோ வேண்டியதில்லை; நான்கைந்து பேர் தோளில் சுமந்து செல்லத்தக்க கருவிகளே போதும். ஆனால் ஈரம் ஆகாது. அச்சில் ஈரமிருப்பின் ஆவி உலோகத்தினுள் அகப்பட்டுத் துளைகளை உண்டாக்கும். பற்று பின்னொருநாள் பாரந்தாங்காது உடையும். மழைமிகுந்த மலைநாட்டிலே உலர்ந்த பொழுதைத் தெரிந்தெடுப்பதும் தொழிலறிவின் ஒரு கூறு.

இனி, மலையகப் பாதையை நோக்குவாம். கொழும்பிலிருந்து புகையிரதம் 1867இல் கண்டியை அடைந்தது கோப்பிக்காகவே. நாவலப்பிட்டிக்கு அது 1874இலும், அட்டனுக்கு 1884இலும், நானுஓயாவுக்கு 1885இலும் வந்துசேர்ந்தது. இதற்கிடையில், 1869இல் முதன்முதல் இனங்காணப்பட்ட இலைநோய் கோப்பியை அழித்துவிட்டது. அந்நோயையும் துரு என்றே வழங்கினர். நிற ஒற்றுமையன்றி இரும்புத் துருவோடு அதற்கு உறவேதுமில்லை. கோப்பிக்கெனத் தொடங்கிய பாதை தேயிலையைச் சுமக்கலாயிற்று. 1894இல் பண்டாரவளையையும் 1924இல் பதுளையையும் அது எட்டியது.

மலையைச் சுற்றிச் செல்லும் இப்பாதையில் 44 அடிக்கு ஓரடி ஏற்றமும், 5 சங்கிலி, அதாவது ஏறத்தாழ 100 மீற்றர் ஆரையுடைய வளைவுகளும் உள்ளன. பட்டிப்பொல அருகே அது சுமார் 6,200 அடி உயரத்தை அடைகின்றது. சமவெளியிற் செய்வதுபோலத் தண்டவாளங்களை மைல்கணக்கில் ஒன்றாகப் பற்றவைத்துவிட்டால் என்ன என்று கேட்கத் தோன்றும். இங்கேதான் பௌதிகம் குறுக்கே நிற்கின்றது. வெப்பநிலை 30 பாகை உயரின் ஒரு கிலோமீற்றர் தண்டவாளம் ஏறத்தாழ 35 சதமமீற்றர் நீள முயலும். நுவரெலியாவிலே தை மாத விடியலில் புல்லின்மேல் உறைபனி படிவதும் நண்பகல் வெயிலில் இரும்பு கைசுடுவதும் ஒரே நாளில் நிகழ்வனவாதலால், இவ்வேறுபாடு மிகைக் கணக்கன்று. நீள இடமின்றிப் பற்றவைத்த தண்டவாளத்தினுள் அவ்விரிவு நெருக்கு விசையாகத் தேங்கும். வழக்கமான பருமனுள்ள ஒரு தண்டவாளத்தில் அது 40 தொன்னுக்குக் கிட்டியது. நேர்ப்பாதையில் அவ்விசை பாதையின் திசையிலேயே அடங்கிக் கிடக்கும். 100 மீற்றர் ஆரையுள்ள வளைவிலோ இரு தண்டவாளங்களின் 80 தொன்னும் பாதையை வெளிப்புறமாகத் தள்ளும். ஒவ்வொரு மீற்றருக்கும் முக்கால் தொன்னுக்கு மேற்பட்ட உந்துதல். சிலிப்பர்க்கட்டைகளும் சல்லியும் அதனைத் தாங்காவிடின் பாதை நெளியும், கோச்சி தடம்புரளும். எனவே கூரிய வளைவுகளில் தகடும் ஆணியும் கொண்டு பூட்டிய மூட்டு இன்றியமையாததாகின்றது. மலைநாட்டுக் கோச்சியின் தாளமாகப் பயணிகள் இரசிக்கும் ஓசை, சில்லு மூட்டில் மோதும் ஓசையே.

மூட்டு உள்ளவிடத்தில் அதனைப் பேணும் உழைப்பும் உண்டு. ஒவ்வொரு மோதலும் ஆணியைத் தளர்த்துகின்றது, சல்லியை அமுக்குகின்றது. பாதையோரமாக நாள்தோறும் நடந்து ஆணி முறுக்கிச் சல்லி இடிக்கும் கூட்டத்தாரை, சன்னலோரத்திலிருந்து நீர்வீழ்ச்சிகளைப் படம்பிடிப்போர் காண்பதில்லை. இவ்வுழைப்பு அரச உத்தியோகம் என்பதும் கருதத்தக்கது. 1948ஆம் ஆண்டின் பிரசாவுரிமைச் சட்டம் தோட்டத் தமிழரிற் பெரும்பாலோரை நாடற்றவராக்கியபோது, நாடற்றவருக்கு அரச சேவையின் கதவும் அடைபட்டது. தம் லயத்துக்குக் கீழே ஓடும் பாதையிலே, தம் கொழுந்தால் இலாபமீட்டிய பாதையிலே, தொழில் கேட்கும் உரிமை அவர்களுக்கில்லை. 1964ஆம் ஆண்டின் சிறிமா – சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இந்தியாவுக்கு அனுப்பப்பட்டோரை மலைநாட்டு நிலையங்களிலிருந்து தலைமன்னார்த் துறைக்கு ஏற்றிச் சென்றதும் அதே தண்டவாளமே. எஞ்சியோருக்கு முழுமையான பரிகாரம் 2003ஆம் ஆண்டுச் சட்டம்வரை தாமதித்தது.

இவ்விடத்தில் மற்றொரு தொடர்பையும் குறிப்பிடலாம். தேமைற்றின் மறுபாதியான அலுமினியத்துக்கு மூலமாகிய பொட்சைற்று, சேலம் மாவட்டத்துச் சேர்வராயன் மலையிலும் அதற்கு அப்பாலுள்ள கொல்லிமலையிலும் கிடைக்கின்றது. 1960களில் மேட்டூரிலே அலுமினியத் தொழிற்சாலை எழுந்தது அதனாலேயே. பத்தொன்பதாம் நூற்றாண்டில் கண்டிச் சீமைக்குப் பஞ்சம் துரத்திய மக்கள் புறப்பட்ட மாவட்டங்களுள் சேலமும் ஒன்று. தம் மண்ணின் மலைகளில் உலோகம் கிடந்ததை அவர்கள் அறிந்திருக்க வழியில்லை. அறிந்திருப்பினும் அது அவர்களுடையதாக இருந்திராது.

போரின் கையிலும் தேமைற்று சென்று சேர்ந்தது. 1915இல் ஜெர்மன் ஆகாயக் கப்பல்கள் இலண்டன்மீது வீசிய தீக்குண்டுகளில் அது இருந்தது. 2024இல் உக்ரேன் போரிலே ஆளில்லா விமானங்களிலிருந்து அது மரவரிசைகள்மீது பொழியப்பட்டது. குடிமக்கள்மீது தீயாயுதங்களைப் பயன்படுத்துவதை 1980ஆம் ஆண்டின் சர்வதேச உடன்படிக்கையொன்று தடைசெய்கின்றது. முதலாம் உலகப்போருக்கு உருக்குத் திருப்பப்பட்டமையால் தெமோதரை ஒன்பது வளைவுப் பாலம் கல்லாலும் சீமெந்தாலும் கட்டப்பட்டது என்றொரு கதை அப்பகுதியில் வழங்குகின்றது. அக்கதைக்குச் சான்று எவ்வாறாயினும், ஒரே உலோகத்துக்குப் பாதையும் போரும் போட்டியிட்டன என்ற அதன் உட்பொருள் பொய்யன்று.

தோட்டப் பாடசாலைகளை 1970களில் அரசு பொறுப்பேற்ற பின்னரும், உயர்தர வகுப்பிலே விஞ்ஞானப் பிரிவு நடத்தும் தமிழ்ப் பாடசாலைகள் மலையகத்தில் அரிதாகவே உள்ளன. உலோகங்களின் தாக்கவீதத் தொடரைச் சாதாரண தர மாணவர் மனனஞ்செய்கின்றனர். அலுமினியம் இரும்புக்கு மேலே நிற்பதன் பொருள், கூரைத் துருவிலும் வீட்டுச் சட்டியிலும் பாடசாலைக்குக் கீழே செல்லும் தண்டவாளத்திலும் இருக்கின்றது. ஒட்சியேற்றம், தாழ்த்தல் என்னும் கலைச்சொற்களைத் தமிழில் ஆக்கியாயிற்று. அவற்றைத் தேயிலைத் தொழிற்சாலையையும் புகையிரதப் பாதையையும் கொண்டு கற்பிக்கும் பாடநூல் ஒன்று இன்னும் எழுதப்படவேண்டியுள்ளது.