உப்பு நீரும் டூ ஸ்ட்ரோக் எஞ்சினும்

கடலோர நகரங்களில் வாழும் நம்மவர், அலைமேல் சீறிச் செல்லும் சிறு நீரூர்திகளைக் கண்டிருப்பர். நாம் ஈண்டு கூறவிருப்பது, ஒருவர் நின்றவாறே செலுத்தும் வகையைப் பற்றியாகும். அமெரிக்க மோட்டார் சைக்கிள் பந்தய வீரரான கிளேட்டன் ஜேக்கப்சனின் கருத்தில் உதித்த இது, ஜப்பானின் கவாசாகி நிறுவனத்தால் 1973-இல் விற்பனைக்கு வந்தது. ‘ஜெட் ஸ்கீ’ என்பது அந்நிறுவனம் இட்ட வணிகப் பெயர். வழக்கில் பொதுப்பெயரே ஆகிவிட்டது.

நெடுங்காலம் இவ்வூர்திகளில் டூ ஸ்ட்ரோக் எஞ்சினே இருந்தது. பெட்ரோலோடு எண்ணெய் கலந்து ஓட்டிய பழைய ஸ்கூட்டர்களை அறிந்தவர்க்கு இதன் இயல்பு புதிதன்று. யமாஹா சூப்பர்ஜெட்டில் 50 பங்கு பெட்ரோலுக்கு 1 பங்கு எண்ணெய், அதாவது 10 லிட்டருக்கு 200 மில்லிலிட்டர், கலக்க வேண்டும். கிராங்க் தண்டின் பேரிங்குகளுக்கு இந்தக் கலவை விட்டுச்செல்லும் எண்ணெய்ப் படலமன்றி வேறு காப்பில்லை. கடல்நீர் உட்புகுந்து அப்படலத்தைக் கழுவிவிட்டால், துரு பிடிக்க நாட்கணக்கு வேண்டாம்; ஓரிரவு போதும். நல்ல எஞ்சின்கள் பல மாய்வது ஓட்டத்தினாலன்று, ஓட்டிவிட்டு அப்படியே நிறுத்திவைத்ததனாலேயே.

ஊர்தி கவிழ்ந்து எஞ்சினுள் நீர் புகுந்துவிட்டால் செய்வது யாது? மீண்டும் மீண்டும் ஸ்டார்ட் செய்ய முயலுதல் கூடாது. காற்றைப்போல் நீர் அழுந்தாது. பிஸ்டனைத் தடுத்துக் கனெக்டிங் ராடை வளைத்துவிடும். கரைசேர்த்து மூடியைத் திறந்து, பெட்ரோல் ஆவி கலையும்வரை பொறுத்தல் வேண்டும். பின்னர் பிளக்குகளைக் கழற்றி, அவற்றின் கம்பிகளில் பொறி எழாதவாறு எர்த் செய்துகொண்டு, சில விநாடிகள் வீதம் ஸ்டார்ட்டரைச் சுழற்றினால் நீர் பிளக் துளை வழியே பீறிட்டு வெளிப்படும். முகத்தை விலக்கிக்கொள்க! நீர் வருவது நின்றபின் உலர்ந்த பிளக்குகளை இட்டு, அன்றே எஞ்சினை ஓட்டிச் சூடேற்றி, கார்புரேட்டர் வழியே காப்பெண்ணெய் தெளித்தல் வேண்டும். ‘நாளை பார்ப்போம்’ என்பார்க்கு நாளை மறுநாள் புதிய கிராங்க் தண்டு வாங்கும் செலவே மிஞ்சும்.

கவிழாத நாளிலும் குளிர்விக்கும் பாதையை நன்னீரால் கழுவுதல் இன்றியமையாதது. இதில் வரிசை மாறலாகாது. முதலில் எஞ்சினை இயக்கி, அதன் பின்னரே குழாயைத் திறக்க வேண்டும். முடிக்கும்போது முதலில் குழாயை மூடி, பின்பு எஞ்சினை நிறுத்த வேண்டும். எஞ்சின் ஓடாதபோது நீர் விட்டால், அதனை வெளித்தள்ளப் புகைக்காற்று இல்லாமையால், அது புகைவழியே சிலிண்டருக்குள் பின்னேறிவிடும். ஆனால் நீரின்றி 15 விநாடிக்கு மேல் ஓட்டினால் புகைவழியின் ரப்பர்க் குழாய்கள் கருகும். இவ்விரு இடர்களுக்கும் நடுவே கைவேகம் வேண்டும். உதவிக்கு ஒருவர் இருத்தல் நலம்.

பிளக்கின் நிறத்தையும் நோக்குக. இளம்பழுப்பு நன்று. வெளுத்திருந்தால் பெட்ரோல் குறைவு, அல்லது எங்கோ காற்றுக் கசிவு. அந்நிலையில் முழு வேகத்தில் ஓட்டினால் பிஸ்டனின் தலை உருகக்கூடும்.

2017-இல் கவாசாகியும் 2021-இல் யமாஹாவும் நின்றோட்டும் ஊர்திகளில் ஃபோர் ஸ்ட்ரோக் எஞ்சினைப் பொருத்தின. அவற்றில் எண்ணெய் தனியே நிற்கும். அளவுகோலை உருவிப் பார்க்கையில் எண்ணெய் மோர்போல் வெளுத்திருந்தால் நீர் கலந்துவிட்டது என்று அறிக. எஞ்சினை இயக்காமல் எண்ணெய் முழுவதையும் மாற்றுதல் வேண்டும்.