குப்பை கொளுத்தக் கட்டணமா?

குருபோங்கில் சாயங்காலம் ஆறு மணி ஆனால் யாராவது ஒருவர் வீட்டுப் பின்புறம் காய்ந்த இலையைக் கூட்டிக் கொளுத்துவார். பக்கத்து வீட்டுக்காரர் கொடியில் காயும் துணியை அள்ளிக்கொண்டு ஓடுவார்.

காலை நிகழ்ச்சியில் நேயர்களிடம் கேட்டேன்: கட்டணம் வாங்கிக்கொண்டு இதற்குப் பெர்மிட் கொடுக்கலாமா?

"தோட்டத்துல காலங்காலமா எரிச்சோம். இப்ப அதுக்கும் காசா தம்பி?" என்றார் ஒரு பெரியவர். அடுத்து வந்த அக்கா, "காசு கட்டினா புகை இனிக்குமா?" என்றார்.

திறந்தவெளி எரிப்பை 1974 சுற்றுச்சூழல் தரச் சட்டம் ஏற்கெனவே தடை செய்கிறது. தகனம், சமயச் சடங்கு, பார்பிக்யூ போன்றவற்றுக்கு விலக்கு உண்டு. ஹோமத்தை நினைத்துப் பயப்பட வேண்டாம். போகியில் டயர் கொளுத்துவதைச் சடங்கு என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

"சுமத்ரா புகையை என்ன செஞ்சீங்க?" என்றும் கேட்டார்கள். நியாயம்தான். 2013 ஜூனில் பக்கத்து மூவாரில் காற்று மாசுக் குறியீடு 746ஐத் தொட்டு, அவசரகாலம் அறிவித்தார்கள். அந்தப் புகையில் இருமிய நாம், நம் தெருவிலும் அதையே மூட்டலாமா?

கட்டணம் எனக்குப் பிடிக்கவில்லை. காசுள்ளவர் எரிப்பார், தெரு இருமும். மலாக்காவில் குப்பை லாரி வாரம் ஒருமுறை தோட்டக் கழிவையும் ஏற்றிக்கொள்கிறது. இலையைக் கட்டி வாசலில் வைத்தால் போதும். இதைச் சொன்னதும் பெரியவர் மறுபடி அழைத்தார்.

"சரி தம்பி, எங்க லயத்துப் பக்கம் அந்த லாரி எப்ப வரும்?"