பதினைந்தா, இருபத்தைந்தா, நாற்பதா? களப்புப் படகுக்கு எஞ்சின் தெரிவு செய்வது எப்படி

புத்தளத்திலிருந்து வடக்கே பழைய மன்னார் வீதியில் போனால், வில்பத்துக் காட்டின் வாசலில் இருக்கிறது எலுவன்குளம். ஊரை ஒட்டி ஓடும் கலா ஓயா, கங்கேவாடியில் கண்டல் மரங்களுக்கு நடுவே புத்தளம் களப்பில் கலக்கிறது. இந்தக் கரையோரத்தில் நிற்கும் பைபர் படகுகளைப் பார்த்தால், பெரும்பாலானவை ஏறக்குறைய 18 அடி நீளத்தில் ஒன்றுபோலவே இருக்கும். பின்னால் பூட்டியிருக்கும் எஞ்சின்தான் படகுக்குப் படகு வேறுபடும். ஒன்றில் 9.9 குதிரைவலு, மற்றதில் 15, இன்னொன்றில் 25, சிலதில் 40.

படகு ஒன்றாக இருக்க, எஞ்சின் ஏன் இவ்வளவு வேறுபடுகிறது? எதை வாங்குவது சரி? ஒரு குடும்பத்தின் நாளாந்த வருமானத்தைத் தீர்மானிக்கிற கேள்வி இது.

எண்ணெய் விலை சொல்லும் கணக்கு

2022 ஓகஸ்டில் மண்ணெண்ணெயின் விலை ஒரே இரவில் லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவானது. பிறகு விலை குறைந்தாலும் பழைய நிலைக்குத் திரும்பவில்லை. அதற்குப் பத்து ஆண்டுகளுக்கு முன்பும் இதே மாவட்டம் எரிபொருள் விலையின் சூட்டை அறிந்தது. 2012 பெப்ரவரியில் சிலாபத்தில் விலை உயர்வுக்கு எதிராக மீனவர்கள் வீதிக்கு இறங்கியபோது நடந்த துப்பாக்கிச் சூட்டில் ஒரு மீனவர் உயிரிழந்தார்.

இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சினை முழு வேகத்தில் ஓட்டினால், ஒரு குதிரைவலுவுக்கு மணிக்கு அரை லீற்றர் அளவில் எரியும் என்று தோராயமாகக் கணக்குப் போடலாம். 15 குதிரைவலு மணிக்கு ஏழரை லீற்றர் குடிக்கும். 25 பன்னிரண்டரை. 40 இருபது லீற்றர். 87 ரூபா விலையில் 40 குதிரைவலுவை ஒரு மணி நேரம் முழுதாக ஓட்ட 1,740 ரூபா போதுமாக இருந்தது. 340 ரூபாவானபோது அதே ஒரு மணி நேரம் 6,800 ரூபாவானது.

"பெரிய எஞ்சின் சீக்கிரம் போய்விடுமே, நேரம் மிச்சம்தானே?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. வலை குறைவு, ஆள் ஒருவர், தூரம் 10 கிலோமீற்றர் என்று வைப்போம். 15 குதிரைவலு மணிக்கு 25 கிலோமீற்றர் வேகத்தில் போனால் 24 நிமிடம், 3 லீற்றர். 40 குதிரைவலு மணிக்கு 40 கிலோமீற்றரில் போனால் 15 நிமிடம், 5 லீற்றர். போய் வர மிச்சமாவது 18 நிமிடம். அதற்குக் கூடுதலாக எரிந்தது 4 லீற்றர். 340 ரூபா விலையில் அது 1,360 ரூபா. மீன் குறைவாகப் பட்ட நாளில் இந்தப் பணம்தான் வீட்டுக்குப் போகவேண்டிய பணம்.

சின்னதே நல்லது என்றால் அதுவும் தவறு

இந்தக் கணக்கைப் பார்த்துவிட்டு எல்லோரும் சின்ன எஞ்சின் வாங்கினால் சரியா? இல்லை. காரணம் படகு தண்ணீரில் போகும் விதத்தில் இருக்கிறது.

மெதுவாகப் போகும் படகு தண்ணீரை விலக்கிக்கொண்டு போகிறது. 18 அடிப் படகுக்கு இப்படிப் போகும் வேகத்தின் எல்லை மணிக்குச் சுமார் 10 கிலோமீற்றர். அதுவரை 3, 4 குதிரைவலு போதும். அந்த எல்லையைத் தாண்ட முயலும்போது படகு தானே எழுப்பிய அலையின் மேட்டில் ஏற வேண்டியிருக்கிறது. முனை தூக்கும், பின்பக்கம் அமிழும், எஞ்சின் திணறும். போதிய வலு இருந்தால் படகு அந்த மேட்டைத் தாண்டித் தண்ணீருக்கு மேலே எழும்பி வழுக்கத் தொடங்கும். அதன் பிறகு இழுவை குறைந்துவிடும்.

அதே 10 கிலோமீற்றரை இப்போது இரண்டு ஆள், வலை, ஐஸ் பெட்டி என்று முழுப் பாரத்தோடு போவதாக எண்ணிப் பாருங்கள். 15 குதிரைவலுவால் படகு எழும்பவில்லை. முழுதாக முறுக்கியும் மணிக்கு 12 கிலோமீற்றர்தான். 50 நிமிடம் ஓடி ஆறேகால் லீற்றர் எரியும். 25 குதிரைவலு அதே பாரத்தைத் தூக்கிக்கொண்டு 24 நிமிடத்தில் 5 லீற்றரில் போய்ச் சேரும். பாரம் கூடினால் சின்ன எஞ்சின்தான் அதிகம் குடிக்கிறது. எப்போதும் முழு முறுக்கலில் ஓடுவதால் அதன் ஆயுளும் குறையும்.

ஆகவே படகின் நீளத்தை மட்டும் பார்த்து எஞ்சின் வாங்கக் கூடாது. வழக்கமாக ஏற்றும் பாரமும் போகும் தூரமும்தான் அளவுகோல்.

சீசீ ஒன்று, வலு வேறு

வாங்கப் போகும்போது இன்னொரு குழப்பமும் வரும். யமஹாவின் இரண்டு ஸ்ட்ரோக் வகையில் 9.9 குதிரைவலு எஞ்சினும் 15 குதிரைவலு எஞ்சினும் ஒரே 246 சீசீ கொள்ளளவு கொண்டவை. எடையும் ஏறக்குறைய ஒன்றே, 36 கிலோ. காற்றும் எரிபொருளும் உள்ளே போகும் அளவை மாற்றித்தான் வலுவை வேறுபடுத்துகிறார்கள். எனவே "9.9 வாங்கினால் படகுக்குப் பாரம் குறையும்" என்பது இங்கே பொருந்தாது. 15இலிருந்து 40க்குப் போகும்போதுதான் எடை கிட்டத்தட்ட இரட்டிக்கிறது. அந்தப் பாரம் முழுவதும் படகின் பின்பலகையில் தொங்கும்.

எடை குறைந்த வாகனத்துக்கு எவ்வளவு பெரிய எஞ்சின் வேண்டும் என்பது கார் உலகிலும் பழைய விவாதம். மஸ்டா நிறுவனம் 2015இல் வெளியிட்ட எம்எக்ஸ்-5 என்ற சிறிய ஸ்போர்ட்ஸ் காரின் எடை ஏறக்குறைய ஒரு தொன். அமெரிக்காவில் அதை 2 லீற்றர் எஞ்சினோடும், ஜப்பானில் துணிக்கூரை வகையை 1.5 லீற்றர் எஞ்சினோடும் விற்றார்கள். சின்ன எஞ்சினே சிறந்தது என்று வாதிடும் கார்ப் பிரியர்கள் சொல்லும் காரணம் எளியது: அதன் வலுவை முழுதாகப் பயன்படுத்த முடிகிறது. பயன்படுத்தாத வலுவுக்கும் விலை கொடுத்து, அதன் எடையையும் சுமக்க வேண்டியிருக்கிறது. காரில் அது இரசனை சார்ந்த விஷயம். களப்பில் அது சாப்பாட்டு விஷயம்.

யாருக்கு எது?

களப்புக்குள் மட்டும் தொழில் செய்பவருக்கு, தூரம் குறைவென்றால், 9.9 அல்லது 15 போதும். புத்தளம் களப்பின் பல இடங்கள் ஆழம் குறைந்தவை, கடற்புல் அடர்ந்தவை. அங்கே பெரிய எஞ்சினை முழுதாக முறுக்க இடமே இல்லை. அவசரம் இல்லாத நாளில் மணிக்கு 9 கிலோமீற்றரில் போனால், 10 கிலோமீற்றருக்கு 2 அல்லது 3 லீற்றரில் முடித்துவிடலாம்.

களப்பின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை பாரத்தோடு போய் வருபவருக்கு 25 பொருத்தமானது.

கற்பிட்டிக்கு அப்பால் வெளிக்கடலுக்குப் போகிறவர்களுக்கு 40 தேவைப்படலாம். காற்றும் அலையும் திடீரென்று எழும்பும்போது கரைக்குத் திரும்ப மிச்ச வலு வேண்டும். அங்கே எண்ணெயை மட்டும் கணக்குப் பார்ப்பது உயிரோடு விளையாடுவது. ஆனால் படகின் பின்பலகை அந்த எடையையும் உந்துவிசையையும் தாங்குமா என்று படகு கட்டியவரிடம் கேட்காமல் பூட்டக் கூடாது.

நான்கு ஸ்ட்ரோக் எஞ்சின் இன்னொரு தெரிவு. அது கணிசமாகக் குறைவாகவே குடிக்கும். எண்ணெயோடு ஒயில் கலக்கும் வேலையும் இல்லை. ஆனால் விலை கூட, எடையும் கூட. ஓடுவதும் பெற்றோலில். மண்ணெண்ணெய்க்கும் பெற்றோலுக்கும் இடையிலான விலை வித்தியாசத்தைப் பார்த்தே முடிவெடுக்க வேண்டும்.

வாங்குவதற்கு முன்

கையில் இருக்கும் எஞ்சினை மாற்றுவதற்கு முன் புரொப்பலரைப் பாருங்கள். முழுப் பாரத்தில் முழுதாக முறுக்கும்போது, கையேட்டில் சொல்லப்பட்ட சுழற்சி வேகத்தை எஞ்சின் எட்ட வேண்டும். எட்டவில்லை என்றால் அந்தப் படகுக்குப் புரொப்பலரின் சரிவு அதிகம். விளிம்பு உடைந்து வளைந்த புரொப்பலரும் எண்ணெயை வீணாக்கும். படகின் அடியில் ஒட்டிய பாசியும் சிப்பியும் அப்படித்தான். இவற்றைச் சரிசெய்ய ஆகும் செலவு புது எஞ்சின் விலையில் ஒரு சிறு பங்கு.

பிறகு ஒரு கொப்பியை எடுத்து, இரண்டு வாரத்துக்கு மூன்று விஷயங்களை எழுதி வையுங்கள்: எத்தனை லீற்றர் ஊற்றினீர்கள், எவ்வளவு தூரம் போனீர்கள், எத்தனை பேரும் எவ்வளவு பாரமும் இருந்தது. பக்கத்துப் படகுக்காரர் 40 வாங்கிவிட்டார் என்பதை விட, கடைக்காரர் சொல்லும் எதையும் விட, உங்களுக்கு எந்த எஞ்சின் வேண்டும் என்பதை அந்தக் கொப்பி சரியாகச் சொல்லும்.