மிளகு மூடையும் உரோமாபுரியும்

இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் (தாவரவியல்)

பொதுத் தமிழ் வகுப்பு என்றால் அறிவியல் மாணவர்களாகிய எங்களில் சிலருக்குச் சற்றே ஓய்வு நேரம் என்ற எண்ணம் உண்டு. அந்த எண்ணத்தைச் சென்ற ஆடி மாதத்துப் பிற்பகல் ஒன்று மாற்றிவிட்டது. சங்க இலக்கியத்தில் யவனர் பற்றிய பாடம் நடந்துகொண்டிருந்தது. தமிழ்ப் பேராசிரியரும் வரலாற்றுத் துறைப் பேராசிரியரும் சேர்ந்து எங்களுக்கு ஒரு ‘புதையல் வேட்டை’ வைத்தார்கள்.

பண்டைய உரோமாபுரி, தொடக்கக் காலக் கிறித்தவம், இவ்விரண்டுக்கும் நம் மண்ணுக்கும் உள்ள தொடர்பு ஆகியவை பற்றிப் பத்து வினாச் சீட்டுகள். வகுப்பறையிலும் நூலகத்திலும் எங்கள் துறையின் உலர்தாவர அறையிலும் அவற்றை ஒளித்து வைத்திருந்தார்கள். ஐவர் கொண்ட எட்டுக் குழுக்கள். இரண்டு மணி நேரம். சீட்டைக் கண்டுபிடித்தால் மட்டும் போதாது. விடையோடு அதற்குரிய சாட்சியையும் எழுத வேண்டும். அது மண்ணில் கிடைத்த பொருட்சான்றா, அக்காலத்தவர் எழுதி வைத்த எழுத்துச் சான்றா, தலைமுறை தலைமுறையாக வரும் செவிவழி மரபா என்று குறிக்க வேண்டும். எந்த வகையாயினும் சரியாகக் குறித்தால் முழு மதிப்பெண். ஒன்றை மற்றொன்றாகக் குறித்தால் பாதிதான்.

‘உரோமாபுரிக்கும் எனக்கும் என்ன உறவு?’ என்ற அலுப்போடுதான் நான் எழுந்தேன். என் அப்பா தென்காசிக் கடைத்தெருவில் மூடை சுமப்பவர். அம்மா பீடி சுற்றுகிறார். எங்கள் குடும்பத்தில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். பேரரசர்களின் கதை எனக்கு வெகு தூரத்துக் கதை.

முதற் சீட்டு உலர்தாவர அறையில் மிளகுக் கொடியின் தாளுக்கு அடியில் இருந்தது. ‘இந்தக் கொடியின் காய்க்கு உரோமாபுரியில் என்ன விலை? சொன்னவர் யார்?’ என்பது வினா. நூலகத்தில் விடை கிடைத்தது. மூத்த பிளினி என்பவர் கி.பி. முதல் நூற்றாண்டில் எழுதிய ‘இயற்கை வரலாறு’ என்னும் பெருநூலில் விலைப் பட்டியலே தருகிறார். ஓர் இராத்தல் கருமிளகு 4 தினாரியம், வெண்மிளகு 7, திப்பிலி 15. தினாரியம் என்பது அவர்களுடைய வெள்ளிக்காசு. உறைப்பைத் தவிர வேறு சிறப்பில்லாத இந்தக் காய்க்கு மக்கள் ஏன் இப்படி ஆலாய்ப் பறக்கிறார்கள் என்று அவர் அலுத்துக்கொள்கிறார். இந்திய வாணிகத்தால் ஆண்டுக்கு 5 கோடி செஸ்டர்ஸ் நாட்டை விட்டுப் போகிறதென்றும் கணக்கிடுகிறார். நான்கு செஸ்டர்ஸ் சேர்ந்தது ஒரு தினாரியம்.

இங்கே எங்கள் குழுவுக்கு ஒரு சிறு பெருமை. பிளினியின் தவறொன்றை நாங்கள் பிடித்தோம். மிளகின் விரியாத பிஞ்சுதான் திப்பிலி என்று அவர் எண்ணிவிட்டார். தாவரவியல் படிப்பவன் அப்படி எழுத மாட்டான். கருமிளகும் வெண்மிளகும் ‘பைப்பர் நைக்ரம்’ என்னும் ஒரே கொடியின் காய்கள். முற்றிய பச்சைக் காயை வெயிலில் உலர்த்தினால் கருமிளகு. பழுத்ததை ஊற வைத்துத் தோல் நீக்கினால் வெண்மிளகு. திப்பிலியோ ‘பைப்பர் லாங்கம்’ என்னும் வேறு கொடி. எழுத்துச் சான்றும் தவறக்கூடும் என்பதை அன்று தெரிந்துகொண்டோம்.

அடுத்த சீட்டு வியப்பைத் தந்தது. ‘மிளகைப் பற்றி எழுதியவரின் தங்கை மகன் யாரைப் பற்றிப் பேரரசருக்குக் கடிதம் எழுதினார்?’ அந்த மருமகன் இளைய பிளினி. கி.பி. 79இல் வெசூவியசு எரிமலை வெடித்தபோது மாமனார் மாண்டார். மருமகன் பின்னாளில் இன்றைய துருக்கிப் பகுதியில் ஆளுநரானார். அங்கே கிறித்தவர் என்று குற்றஞ்சாட்டப்பட்டு வந்தவர்களை எப்படி விசாரிப்பது என்று கேட்டு, கி.பி. 112ஐ ஒட்டிப் பேரரசர் டிராஜனுக்கு எழுதினார். அவர்களாகத் தேடிப் பிடிக்க வேண்டாம், மொட்டைக் கடிதங்களை ஏற்கவும் வேண்டாம் என்று பேரரசர் மறுமொழி விடுத்தார். ஆனால் குற்றம் மெய்ப்பிக்கப்பட்டால் தண்டனை உண்டு. கி.பி. 64இல் உரோமாபுரி எரிந்தபோது நீரோவால் பழி சுமத்தப்பட்ட சமயம், கி.பி. 313இல் கான்ஸ்டன்டைன் காலத்தில் வெளிப்படையாக வழிபடும் உரிமை பெற்றது. இந்த இரண்டு ஆண்டுகளுக்கு நடுவே அந்தக் கடிதம் நிற்கிறது.

நான்காம் சீட்டு ஒரு நாணயத்தின் படம். திபேரியசு பேரரசரின் தலை பொறித்த தினாரியம். இயேசுநாதர் சிலுவையில் அறையப்பட்டது அந்தப் பேரரசரின் ஆட்சியில்தான். வரி கொடுப்பது முறையா என்ற கேள்வி எழுந்தபோது அவர் வாங்கிப் பார்த்த நாணயம் இவ்வகையாகத்தான் இருக்கும் என்பது நாணய ஆய்வாளர் பலரின் கருத்து. அகஸ்தசு, திபேரியசு இருவரின் வெள்ளிக்காசுகள் கோயம்புத்தூரை அடுத்த வெள்ளலூரில் புதையலாகவே கிடைத்திருக்கின்றன. விவிலியத்தில் வரும் காசின் இனத்தது நம் கொங்கு மண்ணுக்குள் கிடந்திருக்கிறது! பொருட்சான்று என்று எழுதி முழு மதிப்பெண் வாங்கினோம்.

அந்தக் காசு எப்படி வந்தது? அதற்கு விடை சன்னலுக்கு வெளியே தூறிக்கொண்டிருந்தது. தென்மேற்குப் பருவக்காற்று ஆனி, ஆடியில் மலையைத் தாண்டி நமக்குச் சாரலைத் தருகிறது. குற்றாலத்து அருவிகளில் தண்ணீர் கொட்டுகிறது. சீசன் என்று ஊரே திருவிழாக் கோலம் கொள்கிறது. அதே காற்றை நம்பித்தான் யவனர் கப்பல்கள் சூலை மாத வாக்கில் எகிப்தின் செங்கடல் துறைகளை விட்டுப் புறப்பட்டன. செங்கடல் வாயிலிலிருந்து முசிறிக்கு 40 நாள் பயணம் என்கிறார் பிளினி. அங்கே யவனர் பொன்னைத் தந்து மிளகை ஏற்றிச் சென்ற செய்தி அகநானூற்றின் 149ஆம் பாட்டில் உள்ளது. கொடுங்கல்லூரை அடுத்த பட்டணம் என்னும் ஊரில் 2007 முதல் நடந்த அகழாய்வில் உரோமானிய மதுச்சாடிகளின் உடைந்த துண்டுகள் கிடைத்தன. அதுவே பழைய முசிறி என்பது அறிஞர் பலரின் முடிபு.

மறுமுனையிலும் சாட்சி உண்டு. எகிப்தின் பெரனிகே துறைமுகத்துக் கோயிலொன்றில், இந்தியாவில் செய்த பெரிய சாடியில் ஏறத்தாழ ஏழரைக் கிலோ மிளகு அப்படியே கிடைத்தது. வியன்னாவில் உள்ள ஒரு பாப்பிரசுத் தாள், முசிறி வாணிகத்துக்கான கடன் ஒப்பந்தம். கி.பி. இரண்டாம் நூற்றாண்டினது; 1985இல் அச்சேறியது. ‘எர்மப்பொல்லோன்’ என்னும் கப்பலில் வந்த தந்தமும் சடாமாஞ்சிலும் அதில் கணக்கிடப்பட்டுள்ளன. சரக்கின் மதிப்பு ஏறத்தாழ 70 இலட்சம் செஸ்டர்ஸ். அரசுக்கு நான்கில் ஒரு பங்கு வரி.

இதுவரை வெற்றி முகமாகவே வந்த எங்கள் குழு அடுத்த இரண்டு வினாக்களில் பாதி மதிப்பெண்தான் பெற்றது.

‘கிறித்தவம் தென்னகத்துக்கு எப்போது வந்தது?’ என்பது ஒன்று. என் பக்கத்தில் இருந்த கிறித்தவ நண்பன் சற்றும் தயங்காமல் ‘புனித தோமா, கி.பி. 52, முசிறி, எழுத்துச் சான்று’ என்று எழுதினான். பாதிதான் கிடைத்தது. அவன் முகம் வாடிவிட்டது. மற்றொரு வினா, ‘உரோமாபுரிக்கு மிளகு எங்கிருந்து போயிற்று?’ என்பது. ‘எங்கள் குற்றால மலையிலிருந்து, எழுத்துச் சான்று’ என்று நான் எழுதினேன். ஆய்க்குடி நமக்குப் பக்கத்து ஊர். பொதியிலை ஆண்ட ஆய் அண்டிரனின் ஊர் ஆய்க்குடி என்கிறது சங்கப் பாட்டு. தாலமி என்னும் கிரேக்கர் குறித்த ‘ஆயோய்’ நாட்டை ஆய் நாடென்றே அறிஞர் இனங்காண்கின்றனர். வேறென்ன வேண்டும் என்பது என் நினைப்பு. எனக்கும் பாதிதான்.

வரலாற்றுப் பேராசிரியர் எங்கள் இருவரையும் அழைத்து உட்கார வைத்துப் பொறுமையாக விளக்கினார். தோமா இந்தியாவுக்கு வந்ததாகக் கூறும் ‘தோமாவின் பணிகள்’ என்னும் சிரியாக்கு நூல் மூன்றாம் நூற்றாண்டினது. அது சொல்லும் கொண்டபெர்னசு மன்னன் வடமேற்கில் ஆண்டவன். அவன் காசுகள் கிடைத்திருக்கின்றன. முசிறியும் மயிலாப்பூரும் கேரளத்திலும் தமிழகத்திலும் மக்கள் நெஞ்சில் வழிவழியாக வாழும் மரபு. ஆறாம் நூற்றாண்டில் காசுமாசு என்னும் பயணி, மிளகு விளையும் ‘மாலே’ நாட்டில் கிறித்தவர் இருப்பதாக எழுதினார். கி.பி. 849இல் கொல்லத்துத் தரிசாப்பள்ளிக்கு வழங்கிய செப்பேடுகள் கையிலேயே உள்ளன. வட்டெழுத்தில் அமைந்த அந்தப் பட்டயத்தில் அரபு, பகலவி, எபிரேய எழுத்துகளில் சாட்சிகள் கையெழுத்திட்டிருக்கிறார்கள். அந்தக் கொல்லம் நமக்கு ஆரியங்காவுக் கணவாய்க்கு அப்புறம்தான். 1904இல் இரயில் ஓடத் தொடங்கிய வழி அது.

“தம்பி, மரபு பொய் என்று நான் சொல்லவில்லை. மரபை மரபென்றே எழுது, முழு மதிப்பெண் போடுகிறேன்” என்றார் நண்பனிடம். பிறகு என் பக்கம் திரும்பினார். “உன் விடை மரபுகூட இல்லை, ஆசை. இந்த மலைத்தொடரிலிருந்து போயிற்று என்பதற்குச் சான்று உண்டு. குற்றாலத்திலிருந்து என்பதற்கு எதைக் காட்டுவாய்? சீசன் கடைகளில் விற்கும் கிராம்பும் சாதிக்காயும் பழங்காலம் தொட்டு இங்கே உண்டு என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். அவை 1800ஐ ஒட்டிக் கிழக்கிந்தியக் கம்பெனியார் இங்கே நட்டுப் பார்த்தவை” என்றார். நண்பனும் நானும் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்துக்கொண்டோம். இருவர் வாட்டமும் போயிற்று.

அன்றிரவு வீட்டில் ஒரு கணக்குப் போட்டேன். உரோமானிய இராத்தல் ஏறத்தாழ 327 கிராம். அப்பா தூக்கும் மிளகு மூடை 50 கிலோ. அதாவது 153 இராத்தல். இராத்தலுக்கு 4 வீதம் 612 தினாரியம். திராட்சைத் தோட்டக் கூலியாள் உவமையில் ஒரு நாள் கூலி ஒரு தினாரியம் என்று வருகிறது. விலை உரோமாபுரியினது, கூலி பாலத்தீனத்தினது. ஆகவே தோராயக் கணக்குத்தான். ஆனாலும் ஒரு மூடைக்கு ஒன்றரை ஆண்டுக்கும் மேற்பட்ட கூலி! அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். முதுகுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார்.

“அம்புட்டு வெலையா? சரிலே, அதை மலையிலேர்ந்து சொமந்து எறக்குனானே, அவனுக்கு என்ன குடுத்தான்?”

அம்மா சுளகிலிருந்து கையை எடுத்துவிட்டு என்னைப் பார்த்தார். எனக்கு விடை சொல்லத் தெரியவில்லை.

மறுநாள் அந்தக் கேள்வியைப் பேராசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, “பதினோராவது சீட்டை உன் அப்பா எழுதிவிட்டார்” என்றார். வியன்னாத் தாளில் செங்கடல் துறையிலிருந்து நைல் ஆற்றுக் கரைக்குச் சரக்கைக் கொண்டுபோக நம்பிக்கையான ஒட்டகக்காரனிடம் ஒப்படைப்பது பற்றி வருகிறது. அவன் பெயர் இல்லை. கப்பலுக்குப் பெயர் உண்டு, வரிக்குக் கணக்கு உண்டு. ஆனால் செங்கடற்கரையில் குசேர் அல் காதிம் என்னும் இடத்தில் கிடைத்த பானை ஓடுகளில் கணன், சாதன் என்னும் பெயர்கள் தமிழ்-பிராமி எழுத்தில் கீறப்பட்டுள்ளன. அவர்கள் வணிகர்களோ, மாலுமிகளோ, சுமப்பவர்களோ, அந்த ஓடுகள் சொல்லவில்லை. அவர்களுடைய பெயர்கள் எழுத்தில் நிலைத்துவிட்டன என்பது மட்டும் உறுதி.

அன்பு நண்பர்களே! அந்த வேட்டையில் எங்கள் குழுவுக்கு மூன்றாம் இடம்தான். ஆயினும், வரலாறு என்பது கலைப்பிரிவு மாணவர்கள் மனப்பாடம் செய்யும் ஆண்டுகளின் வரிசை என்றிருந்த என் எண்ணம் அன்றோடு போயிற்று. ஆய்வகத்தில் ‘கண்டது’, ‘கருதுவது’ என்று பிரித்து எழுதுகிறோமே, அதே ஒழுங்குதான் அங்கும். நமக்குப் பிடித்த விடைக்கும் சாட்சி கேட்க வேண்டியிருக்கிறது.

அப்பாவிடம் கணன், சாதன் பெயர்களைச் சொன்னேன். இரண்டு முறை சொல்லிப் பார்த்துக்கொண்டார். மறுநாள் காலையில் கடைக்குக் கிளம்பும்போது, “என் பேரை எப்படிலே எழுதணும்? ஒரு தாள்ல எழுதிக் குடு” என்றார். மூன்றாம் வகுப்போடு படிப்பை விட்டவர். இதுநாள் வரை கைநாட்டு. இப்போது தினமும் இரவில் ஒரு பக்கம் எழுதிப் பழகுகிறார்.