பழைய சிறு டிராக்டர் வாங்குமுன்

விருத்தாசலம் வட்டத்தில் கத்தரி, வெண்டை பயிரிடும் அங்கத்தினர் சிலர், ஜப்பானியச் சிறு டிராக்டர் ஒன்றைப் பழையதாக வாங்கலாமா என வினவுகின்றனர். வாங்கலாம், ஆனால் அது உழவுக்கும் பார் கட்டவுமே உதவும். இரண்டடி இடைவெளியுள்ள கத்தரி வரிசைக்குள் அது நுழையாது.

மிட்சுபிஷி நுட்பத்தில் வி.எஸ்.டி. தயாரித்த எம்.டி. 180டி 18.5 குதிரைத் திறனுடையது. குபோட்டா ஏ211என் 21 திறனுடையது. எதன் உதிரிப் பாகம் அருகில் கிடைக்குமோ அதனையே கொள்க. திறன் வேறுபாடு பெரிதன்று.

இயந்திரம் குளிர்ந்திருக்கையில் கிளப்பச் சொல்லுங்கள்; முன்னரே சூடாக்கியிருந்தால் ஐயுறுக. நீலப் புகை நீடித்தால் எண்ணெய் எரிகிறது. நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியில் முன் டயர்கள் வேறு அளவில் மாற்றப்பட்டிருப்பின் பற்சக்கரங்கள் தேயும். மணிக்கணக்குக் காட்டும் கருவியைவிட மிதிகட்டையின் தேய்மானம் உண்மை பேசும்.

ஓர் அங்கத்தினர் முழு விலையும் கொடுத்த பின்னரே, பதிவுச் சான்றில் முந்தையவரின் கடன் குறிப்பு நீங்காதிருப்பதைக் கண்டார். நான் தணிக்கைக்குச் சென்றபோது வண்டி அவர் கொட்டகையில் நின்றது. உரிமை இன்னும் பிறர் பெயரில். ஆகவே கடன் கொடுத்தவர் 35-ஆம் படிவத்தில் கையொப்பமிட்டு, 29, 30-ஆம் படிவங்களின்படி பெயர் மாறும் வரை, விலையில் ஒரு பகுதியை நிறுத்தி வையுங்கள்.