கிண்ணத் தண்ணீர் சவரம்

முகச் சவரத்துக்கு எவ்வளவு தண்ணீர் வேண்டும்? கோவில்பட்டியைச் சுற்றியுள்ள கிராமங்களில் வளர்ந்த எவரும் யோசிக்காமல் பதில் சொல்வார்: ஒரு கிண்ணம். கால் லிட்டர் பிடிக்கும் எவர்சில்வர் கிண்ணம். முகம் நனைப்பது, பிரஷ் தோய்ப்பது, ரேசர் அலசுவது எல்லாம் அதற்குள்தான். மிச்சமிருக்கும் சோப்புத் தண்ணீரை வாசலில் ஊற்றினால் புழுதியாவது அடங்கும்.

உலகத்துக்கே ரேசர் விற்கும் ஒரு நிறுவனத்துக்கு இந்தப் பதில் தெரியாமல் போனது. 2002-ல் ஜில்லெட் நிறுவனம் இந்தியச் சந்தைக்காக ‘வெக்டர்’ ரேசரை மாற்றி அமைத்தது. இங்கே பலர் தினமும் சவரம் செய்வதில்லை, முடியும் அடர்த்தி என்பதைக் கணக்கில் எடுத்து, பிளேடில் சிக்கும் முடியைத் தள்ளிவிட ஒரு பிளாஸ்டிக் தண்டையும் வைத்தார்கள். ஆனால் சோதித்துப் பார்த்தது அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் படித்துக்கொண்டிருந்த இந்திய மாணவர்களிடம். அவர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். இந்தியக் கடைகளுக்கு வந்த பிறகு ரேசரில் முடி அடைத்துக்கொண்டது. மாணவர்கள் குழாயைத் திறந்துவிட்டு அலசியிருந்தார்கள். இங்கே அலசியது கிண்ணத்தில்.

பிறகு நிறுவனத்தார் இந்திய வீடுகளுக்கே நேரில் வந்தார்கள். ஆண்கள் தரையில் சம்மணமிட்டு, கைக்கண்ணாடியைச் சாய்த்து வைத்து, ஒரு குவளைத் தண்ணீரில் வேலையை முடிப்பதைப் பார்த்தார்கள். 2010 அக்டோபரில் ‘கார்டு’ வந்தது. ஒரே பிளேடு, எளிதில் அலச அகலமான இடைவெளி, ரேசர் விலை 15 ரூபாய், மாற்றுப் பிளேடு 5 ரூபாய். அது பெரும் வெற்றி பெற்றது. கரிசக்காட்டு ஆள் பரம்பரையாகச் செய்துவந்ததை ஆய்வுக்கூடம் தெரிந்துகொள்ள எட்டு வருடம் ஆனது.

நுரைக்காத ஊர்

கோவில்பட்டி, விளாத்திகுளம், எட்டயபுரம், கயத்தாறு, சாத்தூர் என்று விரியும் இந்தப் பூமி மானாவாரி பூமி. மழை பெரும்பாலும் ஐப்பசி, கார்த்திகை வடகிழக்குப் பருவத்தை நம்பித்தான். மழையில் களியாகிக் காலைப் பிடிக்கும் மண், கோடையில் விரல் நுழையும் அளவுக்குப் பாளம் பாளமாக வெடிக்கும். தண்ணீரைப் பிடித்து வைத்துப் பருத்தியையும் உளுந்தையும் கம்பையும் வளர்க்கத் தெரிந்த மண், கிணற்றில் மட்டும் நல்ல தண்ணீரைத் தருவதில் கஞ்சத்தனம் காட்டும். பல ஊர்களில் கிணற்றுத் தண்ணீர் உப்பு. குடிக்க ஊருணி, புழங்கக் கிணறு என்று பிரித்து வைத்திருந்தார்கள். கோவில்பட்டி நகரத்துக்கே குடிநீர் வருவது சீவலப்பேரியில் தாமிரபரணியிலிருந்து குழாய் வழியாகத்தான்.

உப்புத் தண்ணீரில் சோப்பு நுரைக்காது என்பது இங்கே எல்லா வீட்டுப் பெண்களும் அறிந்தது. அந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் கால்சியமும் மக்னீசியமும் சோப்போடு சேர்ந்து, கரையாத வெள்ளைப் பிசுக்காக மாறிவிடும். நுரையாக வேண்டிய சோப்பெல்லாம் பிசுக்காகப் போகும். சவரத்துக்கு இது இரட்டைக் கெடுதல்: பிளேடு வழுக்கிச் செல்ல நுரை இல்லை; தோலில் பிசுக்கு படிந்து எரிச்சல் வேறு. ஊருணித் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ தனியே எடுத்துவைத்துச் சவரம் செய்த பெரியவர்களுக்குக் காரணம் சொல்லத் தெரியாவிட்டாலும் செய்தது சரி.

அடைப்பத்தில் இருந்தவை

சலூன் கடை வருவதற்கு முன்னால் சவரம் நடந்தது புளிய மரத்தடியில், வீட்டுத் திண்ணையில், தொழுவத்து ஓரத்தில். சவரத் தொழிலாளி கையில் ஓர் அடைப்பம் இருக்கும். அதற்குள் சவரக்கத்தி, கத்தரி, சீப்பு, தீட்டுக்கல், தோல்வார், நகம் எடுக்கும் உளி, ஒரு சின்னக் கண்ணாடி, சின்னக் கிண்ணம், ஒரு துண்டு படிகாரம். அந்தக் காலத்தில் அநேகமாக சோப்பு கிடையாது. கிண்ணத்துத் தண்ணீரை விரலால் தொட்டுத் தொட்டுத் தாடையிலும் கன்னத்திலும் நீவிக்கொண்டே இருப்பார். ஊர்க் கதை ஒன்று பாதி ஓடியிருக்கும். அதற்குப் பிறகுதான் கத்தி எழும்.

அந்தப் பொறுமையான நீவலில்தான் தொழிலின் சூட்சுமம் இருக்கிறது. முடி தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும். இரண்டு மூன்று நிமிடம் நனைந்த முடி ஊறி மென்மையாகிவிடும், அதை வெட்டக் குறைந்த விசை போதும். இதற்குத் தேவை நேரம்தான். குடம் குடமாகத் தண்ணீர் வேண்டியதில்லை. குழாயடியில் முகத்தை ஒரு தரம் கழுவிவிட்டு உடனே பிளேடை வைப்பவருக்குக் கிடைக்காத பலன், நாலு விரல் தண்ணீரைத் தொட்டு நீவியவருக்குக் கிடைத்தது.

முடியைச் சாதாரணமாக நினைக்கக் கூடாது. 2020-ல் அதே எம்.ஐ.டி.யின் ஆய்வாளர்கள் ‘சயின்ஸ்’ இதழில் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். பிளேடு எஃகைவிட முடி சுமார் 50 மடங்கு மென்மையானது. அப்படியிருந்தும் பிளேடு ஏன் மழுங்குகிறது? நுண்ணோக்கியில் பார்த்தபோது, கூர்முனை தேய்வதைவிட, நுண்ணிய அளவில் உடைந்து சில்லு சில்லாகப் போவது தெரிந்தது. முடி வளையும் விதமும், எஃகின் அமைப்பு எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இல்லாததும் சேர்ந்து இதைச் செய்கின்றன. சவரக்கத்திக்காரர் ஒவ்வொரு ஆளுக்கும் முன்னால் கத்தியைத் தோல்வாரில் நாலு இழுப்பு இழுத்தது வெறும் பழக்கத்தால் அல்ல.

இந்தப் பகுதி மீசைக்குப் பேர்போனது. 1799-ல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்ட கட்டபொம்மனை மீசை இல்லாமல் எந்த ஓவியரும் வரைந்ததில்லை. எட்டயபுரத்தில் பிறந்த பாரதி, தன் குலத்து வழக்கத்தை மீறிக் குடுமியை எடுத்துவிட்டு மீசை வைத்துக்கொண்டவர். முழுக்க மழிப்பது எளிது. இரண்டு பக்கமும் ஒரே அளவாக மீசையை ஒதுக்குவதுதான் சோதனை. “மீசையில கை வைக்கலாமா அண்ணாச்சி?” என்று கேட்காமல் இங்கே எந்தத் தொழிலாளியும் கத்தியை மூக்குக்குக் கீழே கொண்டுபோவதில்லை.

படிகாரம், சந்தனம், ஸ்னோ

சவரம் முடிந்ததும் ஈரமான படிகாரக் கல்லை முகத்தில் தேய்ப்பார்கள். சுருக்கென்று எரியும். படிகாரம் தோலின் மேற்பரப்பில் உள்ள புரதத்தை உறையவைத்துச் சுருக்குவதால் சின்னக் கீறலில் கசியும் ரத்தம் நின்றுவிடும். எங்கே அதிகம் எரிகிறதோ அங்கே கத்தி அழுத்தமாக ஓடியிருக்கிறது என்று அர்த்தம். கலங்கிய ஊருணித் தண்ணீரைத் தெளியவைக்கவும் இதே படிகாரத்தைத்தான் குடத்துக்குள் சுழற்றினார்கள். தண்ணீர் குறைந்த ஊரில் ஒரு கல்லுக்கு இரண்டு வேலை.

மணத்துக்கு இந்தப் பக்கத்தில் முதலிடம் சந்தனத்துக்கு. இருக்கன்குடி மாரியம்மன் கோயிலிலோ திருச்செந்தூரிலோ மொட்டை போட்டவர் தலையில் சந்தனத்தைக் குழைத்து அப்புகிறோமே, கத்தி பட்ட தோலுக்கு அதைவிடப் பழைய பூச்சு நம்மிடம் கிடையாது. வெயிலில் குளிர்ச்சி, கூடவே மணம். கல்யாண வீட்டில் மாப்பிள்ளைக்குச் சவரம் முடிந்ததும் சந்தனமும் பன்னீரும் வரும். வசதியுள்ளவர்கள் துளி ஜவ்வாது தொட்டுக்கொள்வார்கள்.

சலூன் கடைகள் வந்தபோது கண்ணாடிக்கு முன்னால் புது வரிசை ஒன்று நின்றது. பம்பாயில் ஈ.எஸ். பாட்டன்வாலா 1919-ல் தொடங்கிய ஆப்கான் ஸ்னோ, குட்டிகூரா பவுடர், பாண்ட்ஸ் பவுடர், வட்ட டப்பாவில் கோத்ரெஜ் சவரச் சோப்பு, கொஞ்சம் காசுள்ள கடையில் கப்பல் படம் போட்ட ஓல்ட் ஸ்பைஸ். முகத்தைத் துடைத்து, ஸ்னோவைத் தடவி, பஞ்சால் பவுடரை ஒற்றி அனுப்பினால் தெருமுனை வரைக்கும் மணக்கும். மில் சங்கு ஊதியதும் சம்பளக் கையோடு வந்தவர்களுக்கும், தீப்பெட்டி ஆபீசில் வாரக் கூலி வாங்கியவர்களுக்கும் அந்த மணம் ஞாயிற்றுக்கிழமையின் மணம்.

ஒன்றை மட்டும் கவனிக்க வேண்டும். வாசனைத் தண்ணீர்கள் சிலவற்றில் பெர்கமாட் போன்ற எலுமிச்சை இனப் பழத்தோல் எண்ணெய்கள் சேர்வதுண்டு. அவற்றைப் பூசிக்கொண்டு கடும் வெயிலில் நின்றால் பூசிய இடம் கருத்துத் திட்டுத் திட்டாகப் போகக்கூடும். சித்திரை வெயிலில் பஸ் ஸ்டாண்டில் நிற்கப்போகிறவர் அத்தகைய திரவத்தைச் சட்டையில் தெளித்துக்கொள்வது நல்லது. முகத்துக்குப் படிகாரம் போதும்.

கத்தி பிடித்த கைக்கு என்ன கிடைத்தது?

ஊர்ச் சவரத் தொழிலாளியைத் தென்மாவட்டங்களில் குடிமகன் என்பார்கள். வீடு வீடாகச் செய்த வேலைக்கு அன்றாடக் கூலி கிடையாது. களத்தில் கம்பும் சோளமும் குதிரைவாலியும் அடித்துத் தூற்றும்போது அவர் பங்கை அளந்து கொடுப்பார்கள். மழை பொய்த்தால் அவர் கூலியும் பொய்க்கும். கல்யாணத்திலும் கருமாதியிலும் அவர் இல்லாமல் சடங்கு நடக்காது. கட்டி அறுப்பது, புண்ணுக்கு மருந்து வைப்பது அவர் வேலை. பிரசவம் பார்ப்பது அவர் வீட்டுப் பெண்களின் வேலை. ஊரில் பிறந்த ஒவ்வொரு பிள்ளையையும் முதலில் தொட்ட கை அவர்களுடையது. அந்தக் கையைத்தான் ஊர் தாழ்வாக வைத்தது.

சிவகாசியில் 1886-ல் பிறந்த எஸ்.எஸ்.விஸ்வநாததாஸ் இந்தச் சமூகத்தவர். நாடக மேடையில் விடுதலைப் பாட்டுப் பாடிப் பலமுறை சிறை சென்றவர். அவருடைய சாதியைக் காரணம் காட்டி அவரோடு ஜோடியாக நடிக்க மறுத்த நடிகைகள் உண்டு. 1940 டிசம்பர் 31 அன்று சென்னையில் முருகன் வேடத்தில் மேடையிலேயே உயிர் பிரிந்தது.

இன்னொரு பக்கமும் உண்டு. தாழ்த்தப்பட்ட மக்களுக்குச் சவரக்கத்தியும் சலூன் நாற்காலியும் பல கிராமங்களில் மறுக்கப்பட்டன. தொழிலாளி தானாக மறுத்ததைவிட, மேல்சாதிக்காரர்கள் ‘அவனுக்கு வெட்டின கத்தி எங்க மேல படக் கூடாது’ என்று மிரட்டி மறுக்கவைத்ததே அதிகம். கீழே தள்ளப்பட்டவரைக் கொண்டே இன்னொருவரைத் தள்ளவைத்த ஏற்பாடு இது. பக்கத்து டவுனுக்கு பஸ் ஏறிப்போய் முடிவெட்டி வந்தவர்களுக்கு, பெயர் தெரியாதவர் நடுவில் உட்கார முடிந்ததே பெரிய விடுதலை.

நாற்காலி மாறிய கதை

1990-களில் எய்ட்ஸ் விழிப்புணர்வு பரவியபோது தீட்டும் கத்தி மெல்ல ஒதுங்கியது. இருமுனைப் பிளேடை நடுவில் ஒடித்து, பாதியைக் கைப்பிடியில் செருகி, ஒரு ஆளோடு எறிந்துவிடும் முறை வந்தது. கிண்ணம் போய்த் தண்ணீர் தெளிக்கும் பாட்டில் வந்தது. நாலு விசிறலில் முகம் நனைந்துவிடும். சிக்கனத்தில் பாட்டில் கிண்ணத்தையே ஜெயித்துவிட்டது.

இப்போது வேறொரு மாற்றம். இளைஞர்கள் தாடி வைக்கிறார்கள். டிரிம்மரில் வேலை முடிகிறது. உலகம் முழுக்க இதே கதைதான். 2019-ல் ஜில்லெட்டின் தாய் நிறுவனமான பி அண்ட் ஜி, அந்தத் தொழிலின் மதிப்பைத் தன் கணக்கில் சுமார் 800 கோடி டாலர் குறைத்து எழுதியது. கோவில்பட்டிக் கடைக்காரருக்கு இதோடு கார்த்திகையில் மாலை போடும் பக்தர்களின் தாடியும் சேர்ந்தால் இரண்டு மாதம் கல்லா காலி. 2020 ஊரடங்கில் கடைகள் பூட்டிக் கிடந்தபோது பலர் வீட்டிலேயே மழிக்கக் கற்றுக்கொண்டார்கள். அதில் ஒரு பகுதியினர் திரும்பி வரவில்லை.

கடை என்பது முடி வெட்டும் இடம் மட்டுமல்ல என்று காட்டியவர் தூத்துக்குடி மில்லர்புரத்தில் சலூன் நடத்தும் பொன்.மாரியப்பன். கடைக்குள் நூலகம் வைத்து, காத்திருப்பவர்களைப் படிக்கத் தூண்டி, படிப்பவர்களுக்குக் கட்டணத்தில் சலுகையும் தந்தார். 2020 அக்டோபர் ‘மனதின் குரல்’ நிகழ்ச்சியில் பிரதமர் அவரோடு பேசினார்.

வீட்டில் செய்துகொள்பவர்களுக்கு

ஒரு சாதாரணக் குழாய் நிமிடத்துக்கு ஐந்தாறு லிட்டர் கொட்டும். ஐந்து நிமிடம் திறந்து வைத்தால் இரண்டு குடம் தண்ணீர் போச்சு. எனவே கிண்ணத்தை எடுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் ஆற்றுக் குழாய்த் தண்ணீரையோ மழைத் தண்ணீரையோ நிரப்புங்கள். முகத்தை மூன்று நிமிடம் நீவி ஊறவையுங்கள். பிரஷில் சோப்பைக் குழைத்து வட்டமாகத் தேய்த்தால் கொஞ்சம் சோப்பிலேயே கெட்டி நுரை வரும். முடி வளரும் திசையில் இழுங்கள். எதிர்த்து இழுத்தால் மழமழப்பு கிடைக்கும், சுருள் முடிக்காரர்களுக்குக் கூடவே கட்டியும் கிடைக்கும். ரேசரை அழுத்த வேண்டாம். கடைசியில் படிகாரம், அரை நிமிடம் கழித்து ஒரு கைத் தண்ணீர். பிரஷை உதறி, மயிர்ப்பக்கம் கீழாகத் தொங்கவிடுங்கள். பழைய பிளேடைத் தாளில் சுற்றிப் போடுங்கள். குப்பை அள்ளுபவர் கையும் கைதான். உங்கள் ரேசரை இன்னொருவருக்குத் தராதீர்கள்.

சலூனுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. உறையைப் பிரித்துப் புதுப் பிளேடு போடுகிறாரா என்று பாருங்கள், போடாவிட்டால் கேளுங்கள். படிகாரம் வேண்டுமென்று சொல்லுங்கள். உங்கள் கழுத்தில் கத்தி வைக்கும் அளவுக்கு நீங்கள் நம்பும் மனிதரிடம் பத்து ரூபாய்க்குப் பேரம் பேசாதீர்கள். உங்கள் ஊர்க் கடையில் சாதி பார்த்து யாரையாவது திருப்பி அனுப்பினால் சும்மா உட்கார்ந்திருக்காதீர்கள். கடைக்குள் நுழைவதையும் சேவை பெறுவதையும் தீண்டாமையின் பேரால் மறுப்பது 1955-லிருந்தே இந்த நாட்டில் குற்றம்.